வலிக்காமலே கெடும் கல்லீரல்: உழவர் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

'கேள்வி-பதில்' பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை படைப்புழு, மாவுப்பூச்சி, சொட்டுநீர் மானியம் பற்றியவைதான். சென்ற மாதம் வந்த ஒரு கடிதமும் பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. எழுதியவர் ஒரு வாசகி. "எங்கள் தோட்டத்தில் அரை சென்ட்டில் கீழாநெல்லி போட வேண்டும். விதை எங்கே கிடைக்கும்? எத்தனை நாளில் பறிக்கலாம்?" என்று கேட்டிருந்தார். விஷயம் கடைசி வரிகளில்தான் இருந்தது. "வீட்டுக்காரருக்கு 44 வயது. இருபது வருடமாகக் குடிக்கிறார். இரண்டு மாதமாகக் கண் மஞ்சளாக இருக்கிறது. வயிறும் உப்பிக்கொண்டு வருகிறது. தினமும் அரைத்துக் கொடுக்கத்தான் கேட்கிறேன்."

அந்தச் சகோதரிக்கு முதலில் ஒரு பதில். கீழாநெல்லி முளைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கண் மஞ்சளும் வயிறு உப்பலும் சேர்ந்து வந்துவிட்டால் அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைத் தாண்டிய நிலை. இந்த இதழ் கைக்கு வந்த அன்றே அவரை மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள்.

நான் வேளாண் அலுவலர், மருத்துவர் அல்ல. ஆனால் இத்தனை ஆண்டு கிராமப் பணியில், பட்டா மாற்றத்துக்கும் பி.எம். கிசான் பெயர் மாற்றத்துக்கும் முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண்கள் இறப்புச் சான்றிதழோடு வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னம்மா ஆச்சு என்று கேட்டால், "மஞ்சக்காமாலைங்க சார்" என்பார்கள். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே பேசியது. கடையில் வாங்கிய பாட்டிலால் இருபது வருடத்தில் மெல்ல மெல்லப் போகும் உயிர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. எனவே மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்லும் செய்திகளை நம் உழவர்களுக்குப் புரியும்படி இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு குவார்ட்டரில் எவ்வளவு சாராயம்?

உரத்தில் எத்தனை சதவிகிதம் தழைச்சத்து என்று மூட்டையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறோம். பாட்டிலுக்கும் அதே கணக்குதான். ஒரு குவார்ட்டர் என்பது 180 மி.லி. அதில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். அதாவது சுமார் 77 மி.லி.; எடையில் 60 கிராம். 'பீர் ஒன்றும் செய்யாது' என்பார்கள். 8 சதவிகிதம் உள்ள 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் சுமார் 40 கிராம் இருக்கிறது. பெயரும் நிறமும்தான் வேறு. கல்லீரலுக்கு எல்லாம் ஒரே சரக்குதான்.

தினமும் 30 கிராமைத் தாண்டினாலே கல்லீரல் கெடும் ஆபத்து ஏற ஆரம்பிக்கிறது. பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே போதும். தினம் ஒரு குவார்ட்டர் என்பது அந்த அளவைப் போல இரண்டு மடங்கு. 'அளவோடு குடித்தால் நல்லது' என்ற பேச்சும் எடுபடாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் எரிக்க முடியும். மோர் குடித்தாலும், குளித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும் இந்த வேகம் கூடாது. இரவு 9 மணிக்கு ஒரு குவார்ட்டர் போட்டவருக்கு அது கழிய 6 முதல் 8 மணி நேரமாவது ஆகும். விடியற்காலை 3 மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போட இருட்டில் கிணற்று மேட்டுக்குப் போகிறாரே, அப்போதும் அவர் ரத்தத்தில் சாராயம் இருக்கலாம். கிணற்றில் தவறி விழுவதிலும் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஷாக் அடிப்பதிலும் இதற்கும் பங்கு உண்டு.

மூன்று படிகள்

கல்லீரல் வலப்பக்க விலா எலும்புக்கு உள்ளே இருக்கிறது. எடை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. குடலில் இருந்து வரும் ரத்தம் முழுவதும் 'போர்ட்டல் சிரை' என்னும் பெரிய குழாய் வழியாக முதலில் இங்கேதான் வந்து சேரும். சத்தைப் பிரிப்பது, நஞ்சை முறிப்பது, ரத்தம் உறைவதற்கான பொருள்களைச் செய்வது, பித்தநீர் சுரப்பது என்று இதற்கு நூற்றுக்கணக்கான வேலைகள்.

ஆல்கஹாலை முறிக்கும்போது 'அசிட்டால்டிஹைடு' என்ற பொருள் உண்டாகிறது. இது ஆல்கஹாலைவிடக் கொடிய நஞ்சு. கல்லீரல் செல்களை அடிப்பது முக்கியமாக இதுதான். பாதிப்பு மூன்று படிகளாக வருகிறது.

முதல் படி, கொழுப்பு படிதல். தினமும் குவார்ட்டர் அளவுக்குக் குடிப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு இது வருகிறது. வலி இருக்காது. பசி குறையும், வலப்பக்கம் லேசாகக் கனக்கும். பலருக்கு அதுவும் தெரியாது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆனால் இந்த நிலையில் குடியை அடியோடு நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே கொழுப்பு கரைந்து கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இரண்டாம் படி, கல்லீரல் அழற்சி. காய்ச்சல், வாந்தி, பசியின்மை, கண் மஞ்சள், வலப்பக்க வலி என்று வரும். அளவுக்கு மீறிக் குடித்துவரும் காலத்தில் திடீரென்று வரும். கடுமையாக வந்தால் சில வாரங்களில் உயிரையே பறித்துவிடும்.

மூன்றாம் படி, 'சிரோசிஸ்'. திரும்பத் திரும்பக் காயம்பட்ட இடங்களில் தழும்பு ஏறி, மெத்தென்று இருந்த கல்லீரல் கெட்டியாகி முண்டும் முடிச்சுமாகச் சுருங்கிவிடும். களர் ஏறி இறுகிப்போன நிலத்தில் தண்ணீர் இறங்காதது போல, அதற்குள் ரத்தம் ஓடாது. நிலத்துக்காவது ஜிப்சம் போட்டுப் பார்க்கலாம். முற்றிய தழும்பை முழுவதுமாகக் கரைக்க இன்றைக்கு மருந்து கிடையாது.

நீண்ட காலம் மிதமிஞ்சிக் குடிப்பவர்களில் பத்தில் ஒருவரோ இருவரோ சிரோசிஸுக்குப் போகிறார்கள். 'அப்படியானால் எட்டுப் பேர் தப்பிக்கிறார்களே' என்று திண்ணையில் கேட்பவர்கள் உண்டு. அந்த ஒருவர் இருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. உடல் பருமன், சர்க்கரை நோய், மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும். மீதி எட்டுப் பேரும் குடியால் வரும் மற்ற நோய்களுக்கோ விபத்துக்கோ தப்பியவர்கள் என்று சொல்லவும் முடியாது.

வாய்க்கால் அடைத்தால் கரை உடையும்

மெயின் வாய்க்கால் தூர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் என்ன செய்யும்? பின்னால் தேங்கி, பலவீனமான கரையை உடைத்துக்கொண்டு ஓடும். சிரோசிஸில் நடப்பதும் இதுதான். கல்லீரலுக்குள் போக முடியாத ரத்தம் போர்ட்டல் சிரையில் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அதிலிருந்துதான் ஒவ்வொரு தொல்லையாகக் கிளம்புகிறது.

வயிற்றுக்குள் நீர் கசிந்து சேர்வது ஒன்று. கை கால் குச்சியாகும். வயிறு மட்டும் பானையாகும். காலும் வீங்கும். மண்ணீரல் பெருத்து, ரத்தத் தட்டணுக்கள் குறையும். சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்காமல் வரும்.

உணவுக்குழாயில் உள்ள சிறிய ரத்தக்குழாய்கள் புடைத்து, ஒருநாள் வெடிப்பது இன்னொன்று. எங்கள் பகுதியில் மூன்று ஏக்கர் நிலக்கடலை விவசாயி ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. ஒரு வாரமாக மலம் தார் போலக் கறுப்பாகப் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்திருக்கிறார். விற்பனைக்கூடத்தில் மூட்டைகள் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ரத்தமாக வாந்தி எடுத்தார். பக்கத்தில் நின்ற எடைக்காரர் யோசிக்காமல் 108-க்கு போன் செய்தார். மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி வழியாக வெடித்த குழாய்க்கு ரப்பர் வளையம் போட்டு நிறுத்தினார்கள். அன்று கடலைப் பணத்தை அவருடைய மனைவிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அதன் பிறகு அவர் குடிக்கவில்லை. மாதாமாதம் மருந்து வாங்கிக்கொண்டு, அதே மூன்று ஏக்கரை இன்றும் பார்க்கிறார். சிரோசிஸ் வந்த பிறகும் நிறுத்தியவர்களே கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது. 'இனிமேல் நிறுத்தி என்ன ஆகப்போகிறது' என்ற பேச்சு தப்பு.

மூன்றாவது தொல்லை மூளையைப் பிடிக்கும். கல்லீரல் முறிக்காமல் விட்ட அம்மோனியா போன்ற நச்சுகள் மூளைக்குப் போவதால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சுக் குழறல், கை நடுக்கம், ஆளைத் தெரியாத குழப்பம் எல்லாம் வரும். இதைப் 'போதையில் உளறுகிறான்' என்றோ, 'காத்து கருப்பு' என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள். மலச்சிக்கல் இதைத் தூண்டிவிடும். கிருமித் தொற்றும் தூண்டிவிடும். கடைசியாக, சிரோசிஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்தும் அதிகம். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கச் சொல்கிறார்கள்.

கல்லீரலோடு இது நிற்பதில்லை. கணையம் வெந்து தாங்க முடியாத வயிற்று வலி வரும். பின்னாளில் சர்க்கரை நோயும் வரும். வைட்டமின் பி1 குறைவால் பாதம் எரியும், மரத்துப்போகும், ஞாபகம் மங்கும். ரத்த அழுத்தம், பக்கவாதம், இதயத் தசை பலவீனம், காசநோய், வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் எல்லாவற்றிலும் குடிக்குப் பங்கு உண்டு.

கீழாநெல்லி, பத்தியம், குளுக்கோஸ்

கீழாநெல்லி நம் வரப்பில் தானாக முளைக்கும் மூலிகை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மஞ்சள் காமாலை பி வைரஸுக்குக் கொடுத்துப் பார்த்து, 1988-ல் நல்ல பலன் கிடைத்ததாக வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் மற்ற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் அதே அளவில் கிடைக்கவில்லை. அதுவும் வைரஸ் காமாலைக்கான ஆய்வு. குடியால் தழும்பேறிய கல்லீரலை இது சரிசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் கொடுத்த மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. குடியால் வந்த காமாலையில் அதே மருந்தை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்.

உப்பில்லா, எண்ணெயில்லா, வெறும் கஞ்சிப் பத்தியமும் ஆபத்து. நோயாளியின் தசை ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கிறது, புரதம் தேவை. மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை பயறு, சுண்டல், முட்டை, மோர் தாராளமாகக் கொடுக்கலாம். இரவு படுக்கும் முன் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ கொடுப்பது நல்லது. நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு விடக் கூடாது. வயிற்றில் நீர் இருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும்; ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டாம்.

'ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெளிஞ்சிடும்' என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். தொடர்ந்து குடிப்பவருக்கு பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கும் அபாயம் உண்டு. எங்கே போனாலும் 'இவர் குடிப்பவர்' என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உடம்பு வலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் சிரோசிஸ் உள்ளவருக்கு ரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். பாராசிட்டமால்கூட மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை

மருந்து அடிக்க வருபவருக்குக் கூலியோடு ஒரு குவார்ட்டர் என்பது பல ஊர்களில் எழுதாத ஒப்பந்தம். 'மருந்து வாடைக்கு நல்லது' என்று காரணமும் சொல்வார்கள். நல்லது எதுவும் இல்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் பூச்சிக்கொல்லியை முறிப்பதும் அதே கல்லீரல்தான். போதையில் இருப்பவர் கையுறையும் முகக்கவசமும் போடமாட்டார், காற்றடிக்கும் திசையைப் பார்க்கமாட்டார். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தலைசுற்றல், வாந்தி, வியர்வை, தள்ளாட்டம் இவை மருந்து நஞ்சேறியதன் அறிகுறிகள். குடித்தவருக்கு வந்தால் 'போதை' என்று கட்டிலில் படுக்க வைத்துவிடுவோம். அந்த இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். குவார்ட்டருக்குப் பதில் காலைச் சாப்பாடும், வேலை முடிந்ததும் சோப்பும் தண்ணீரும் கொடுங்கள். மிச்சக் காசைக் கூலியில் சேர்த்துக் கொடுங்கள்.

குடிப்பவர் உள்ள வீட்டில் பூச்சிமருந்தை எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. போதையில் வரும் சண்டையும் மனக்கசப்பும் கணநேரத்தில் தப்பான முடிவுக்குத் தள்ளிவிடுகின்றன. மருந்தைப் பெட்டியில் பூட்டி, சாவியைக் குடிக்காத பெரியவரிடம் கொடுங்கள். தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

மூன்றாவது, பூசணம் பிடித்த கடலையும் மக்காச்சோளமும். ஈரத்தோடு கட்டிவைத்த கடலையில் வரும் மஞ்சள்-பச்சைப் பூசணம் 'அஃப்ளாடாக்சின்' என்ற நஞ்சைச் சுரக்கும். இது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. சொத்தை, சுருங்கல் கடலையை விற்க முடியாமல் வீட்டுக்கு ஒதுக்குகிறோம். அதுவே பாட்டிலுக்குத் தொடுகறியாகவும் போகிறது. கெட்டுப்போன கல்லீரலுக்கு இது இரட்டை அடி. கடலைக் காயை 8 முதல் 9 சதவிகித ஈரப்பதம் வரை காயவைத்துச் சேமியுங்கள். பூசணம் கண்டதை மாட்டுக்கும் போடாதீர்கள். பாலிலும் அந்த நஞ்சு வரும்.

நிறுத்துவது எப்படி?

தினமும் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தாகலாம். முதல் நாளில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் இல்லாததைப் பார்ப்பது, பூச்சி ஊர்கிறது என்பது, ஆள் தெரியாமல் பிதற்றுவது எல்லாம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இது மனஉறுதிக் குறைவு அல்ல. மூளை பழகிப்போனதன் விளைவு. எனவே முதல் ஒரு வாரம் மருத்துவர் பார்வையில் இருப்பது நல்லது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. ஏக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. கல்லீரலின் நிலையைப் பார்த்துத்தான் எது கொடுக்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்வார்.

செலவுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்தாலே வருடத்துக்கு 54,750 ரூபாய். ஒரு ஏக்கர் நெல்லுக்கு நாம் போடும் சாகுபடிச் செலவைவிட இது அதிகம்.

வாசகர் கேள்விகள்

*என் தம்பி மாலை போட்டால் 48 நாள் தொடுவதில்லை. மலைக்குப் போய் வந்ததும் ஆரம்பித்துவிடுகிறார். நினைத்தால் நிறுத்த முடிகிற ஒருவருக்கு இது எப்படி நோயாகும்?*

அந்த 48 நாளில் கல்லீரலில் கொழுப்பு குறைந்திருக்கும், உண்மையான லாபம்தான். விரதத்தில் நேரத்துக்குச் சாப்பாடு, துணைக்கு ஆட்கள், ஊர் மரியாதை எல்லாம் சேர்ந்து அவரைத் தாங்குகின்றன. மாலை கழற்றியதும் அந்தத் துணை போய்விடுகிறது. எனவே கழற்றும் வாரத்திலேயே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நிறுத்தியவர்களுக்கு மறுபடி ஆரம்பிக்காமல் இருப்பதுதான் சிகிச்சையின் பெரிய பகுதி.

*குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடி விற்கிறார்கள். கொடுக்கலாமா?*

கூடவே கூடாது. சிலவற்றில் 'டைசல்ஃபிரம்' என்ற மருந்து இருக்கலாம். அது உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தே கல்லீரலையும் கெடுக்கக்கூடும். அவருக்குத் தெரிந்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டியது.

*ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்று வந்தது. தொடரலாமா?*

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் சிரோசிஸ் வந்த பிறகும் சிலருக்குச் சாதாரணமாகவே காட்டும். ஸ்கேன், தட்டணு எண்ணிக்கை, மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை எல்லாம் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். 'நார்மல்' என்ற தாள் குடிப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

*கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஏழைகளுக்குச் சாத்தியமா?*

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செய்கிறார்கள். ஆனால் உறுப்புக்கான காத்திருப்பு நீளமானது. பொதுவாகச் சில மாதங்களாவது குடிக்காமல் இருந்ததைக் கேட்பார்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே எடுத்துவையுங்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள்: ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ஆள் தெரியாத குழப்பம், வலிப்பு, வயிற்று வீக்கத்தோடு காய்ச்சல் அல்லது வலி, சிறுநீர் குறைந்துபோதல்.

ஆலோசனைக்கு: மருத்துவ ஆலோசனை 104. போதை மீட்பு உதவிக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை; மனைவியோ மகளோ அண்ணனோ பேசலாம்.